ஒன்பது அடிச் சுற்றுப் புளிக்கு எத்தனை இன்ச் பார்?

கேள்வி இதுதான். காங்கேயம் பக்கம் தோட்டம். காற்றுமழையில் ஒரு பழைய புளியமரமும் இரண்டு வேம்பும் தூரோடு சாய்ந்துவிட்டன. புளியின் அடிமரம் ஒன்பது அடிச் சுற்று. வீட்டில் 58 சிசி என்று சொல்லி விற்ற செயின்சா ஒன்று 22 இன்ச் பாரோடு, அதாவது செயின் சுற்றி ஓடும் நீளத் தகட்டோடு, இருக்கிறது. அதிலேயே 36 இன்ச் பார் மாட்டி ஒரே அறுப்பில் அறுத்துவிடலாமா, இல்லை பெரிய மெஷின் வாங்கத்தான் வேண்டுமா?

36 இன்ச் பாரை அந்த மெஷினில் மாட்டாதீர்கள். பெரிய மெஷினும் இந்த மூன்று மரத்துக்காக வாங்க வேண்டியதில்லை. கையில் இருப்பதை வைத்தே, செயின் மட்டும் கூராக இருந்தால், புளியை இரண்டு பக்கமிருந்தும் அறுத்து முடிக்கலாம். வேம்புக்கும் கிளைகளுக்கும் 18 இன்ச் பார் ஒன்றும் அதற்குரிய செயினும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அந்த மெஷின் 22 இன்ச்சில் திணறும், 18 இன்ச்சில் நன்றாக ஓடும். எதனால் இப்படிச் சொல்கிறேன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். இந்தக் கேள்வி வருஷம் தவறாமல் யாராவது ஒருவரிடமிருந்து வருகிறது.

முதலில் அளவு. நம் ஊரில் மரத்தைச் சுற்றளவில்தான் பேசுவோம். வியாபாரி வந்தால் கயிற்றைச் சுற்றிப் போட்டு, அதை நாலாக மடித்து, மடித்ததை மடித்ததாலேயே பெருக்கி, நீளத்தால் பெருக்கிக் கன அடி சொல்லிவிடுவார். பாரைத் தேர்ந்தெடுக்க வேண்டியது குறுக்களவை வைத்து. சுற்றளவை 3.14-ஆல் வகுத்தால் குறுக்களவு வரும். மூன்றடிச் சுற்று என்றால் பதினொன்றரை இன்ச். ஆறடிச் சுற்று 23 இன்ச். உங்கள் ஒன்பது அடி 34 இன்ச் சொச்சம். 'மூணடி மரம்' என்று ஒருவர் சுற்றளவைச் சொல்ல, கடைக்காரர் அதைக் குறுக்களவு என்று நினைத்து 36 இன்ச் பார் எடுத்துக் கொடுத்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். பதினாறு இன்ச் பாரே போதுமான வேலை அது.

புளியில் அந்த ஒன்பது அடி எங்கே எடுத்தது என்பதையும் பாருங்கள். தூருக்குப் பக்கத்தில் புடைத்திருக்கும். நாலடி தள்ளிப் போனால் ஏழடிச் சுற்றுக்கு இறங்கியிருக்கலாம். ஏழடி என்றால் 27 இன்ச்தான். அடியிலிருந்து கிளை பிரியும் இடம் வரை இரண்டடிக்கு ஒரு தடவை கயிறு போட்டு எழுதி வையுங்கள். அந்தக் கணக்கைப் பார்த்தாலே 34 இன்ச் அறுப்பு மொத்தம் இரண்டோ மூன்றோதான் என்று தெரிந்துவிடும். மிச்சம் முழுக்க அதைவிடச் சின்னது. அந்த இரண்டு மூன்று அறுப்புக்காக மற்ற நூறு அறுப்பையும் நீளப் பாரோடு தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம்.

ஒரே அறுப்பில் போக வேண்டுமானால் பார் குறுக்களவைவிட இரண்டு இன்ச்சாவது கூட இருக்க வேண்டும். இரண்டு பக்கமிருந்து அறுப்பதானால் பார் நீளத்தின் இரண்டு மடங்குக்குச் சற்றுக் குறைவான தடிமன் வரை போகலாம். 20 இன்ச் பார் 36, 38 இன்ச் கட்டையை முடித்துவிடும். உங்கள் 22 இன்ச் 34 இன்ச் புளிக்குத் தாராளம்.

அப்புறம் எஞ்சின். இதில்தான் பெரும்பாலோர் ஏமாறுகிறார்கள். "ஏனுங்ணா, பாரை மட்டும் நீளமாப் போட்டுட்டா ஆச்சில்லீங்களா?" என்று கேட்பார்கள். பார் என்பது வெறும் தண்டவாளம். மரத்தை அறுப்பது செயினின் பற்கள், அவற்றை இழுப்பது எஞ்சின். 34 இன்ச் கட்டைக்குள் முழுப் பாரும் மூழ்கியிருக்கும்போது, 18 இன்ச் கட்டையில் வேலை செய்வதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு பற்கள் ஒரே நேரத்தில் மரத்தைச் சுரண்டிக்கொண்டிருக்கும். எஞ்சின் அதே எஞ்சின். செயின் வேகம் இறங்கும். வேகம் இறங்கியதும் அறுப்பவர் மெஷினை அழுத்துவார். அழுத்தினால் கிளட்ச் வழுக்கும், சூடேறும்.

பல வருஷத்துக்கு முன் தாராபுரம் பக்கம் பிஏபி (பரம்பிக்குளம் ஆழியாறு) பாசன வாய்க்கால் ஓரத்துத் தூங்குமூஞ்சி மரம் ஒன்றுக்கு நானே ஐம்பது சொச்சம் சிசி மெஷினில் 30 இன்ச் பார் மாட்டினேன். மரம் மெதுவானதுதானே, போய்விடும் என்று நினைத்தேன். அரைமணி நேரத்தில் கிளட்சில் புகை. பிரித்துப் பார்த்தால் டிரம் நீலம் பாய்ந்திருந்தது. பாரின் நுனிப் பக்கம் எண்ணெயே போய்ச் சேரவில்லை, அங்கேயும் நீலம். மெஷினில் இருக்கும் எண்ணெய்ப் பம்ப் அதற்கென்று சொல்லப்பட்ட பார் நீளத்துக்குத்தான் ஊற்றும். நீளத்தை நாமாகக் கூட்டினால் நுனி காய்ந்து போகும். அன்றைக்கு ஒரு மெஷினும் ஒரு பாரும் போயின. மரம் அப்படியேதான் கிடந்தது.

எந்த எஞ்சினுக்கு எவ்வளவு பார் என்று நான் வைத்திருக்கும் கணக்கைச் சொல்கிறேன். 30 முதல் 40 சிசி வரை 14, 16 இன்ச். கிளை கழிக்க, தென்னை மட்டைத் தூர் அறுக்க. 45, 50 சிசிக்கு 16 முதல் 18. ஸ்டில் கம்பெனியின் எம்எஸ் 250 இந்த வகை, 45.4 சிசி, 2.3 கிலோவாட். 55 முதல் 60 சிசிக்கு 18, 20. 70 சிசிக்கு 20 முதல் 25 வரை. ஸ்டில் எம்எஸ் 382 (72.2 சிசி, 3.9 கிலோவாட்), ஹஸ்க்வார்னா 372 எக்ஸ்பி (70.7 சிசி) எல்லாம் இந்த இனம். பெரிய மரம் அறுப்பதையே தொழிலாக வைத்திருப்பவர்களுக்கு இதுதான் சரியான மெஷின். அதற்கு மேல் 90 சிசி. எம்எஸ் 661 என்றால் 91.1 சிசி, 5.4 கிலோவாட். 36 இன்ச் பாரைப் புளிக்குள் முழுசாக இறக்கி இழுக்க அந்தச் சக்தி வேண்டும். பாரும் செயினும் இல்லாமலே ஏழு கிலோவுக்கு மேல் எடை. காலையில் தூக்கினால் மதியத்துக்குள் தோள் சொல்லிவிடும்.

கம்பெனிப் புத்தகத்தில் இதைவிட நீளமான பாரும் போடலாம் என்று இருக்கும். அது பொய்யில்லை. பைன் மாதிரி மெதுவான மரத்தில் அது ஓடும். புளியின் உள்வைரத்திலும், காய்ந்த வேம்பிலும், கொறங்காட்டு (மேய்ச்சல் காட்டு) வெள்வேலிலும் அதே நீளத்தை எதிர்பார்க்கக் கூடாது. நம் மரங்களுக்கு அந்தப் புத்தகக் கணக்கில் இரண்டு நான்கு இன்ச் குறைத்தே போடுங்கள்.

சிசியைப் பற்றி இன்னொன்று. மலிவு மெஷின்களில் ஒட்டியிருக்கும் எண்ணை அப்படியே நம்பாதீர்கள். கூடவே வரும் புத்தகத்தில் சிலிண்டர் விட்டமும் பிஸ்டன் ஓடும் தூரமும் போட்டிருந்தால் நீங்களே கணக்குப் போடலாம். விட்டத்தை விட்டத்தால் பெருக்கி, 0.785-ஆல் பெருக்கி, ஓடும் தூரத்தால் பெருக்க வேண்டும், எல்லாம் சென்டிமீட்டரில். 45.2 மில்லிமீட்டர் விட்டம், 34 மில்லிமீட்டர் ஓட்டம் என்றால் 54.5 சிசிதான் வரும், மேலே என்ன எழுதியிருந்தாலும் சரி. கடையில் சிசியோடு கிலோவாட்டையும் கேளுங்கள். ஒரே சிசியில் இரண்டு மெஷினுக்குச் சக்தி வேறு வேறாக இருக்கும்.

இனி பாரும் செயினும் வாங்கப் போகும்போது. 'எனக்கு 18 இன்ச் பார் கொடுங்க' என்று மட்டும் கேட்டால் வீட்டுக்கு வந்து மாட்டும்போது பொருந்தாது. நான்கு விஷயம் ஒத்துப்போக வேண்டும். பாரின் அடியில் இருக்கும் நீள ஓட்டையும் எண்ணெய்த் துளையும் உங்கள் மெஷினின் போல்ட்டுக்குச் சரியாக உட்கார வேண்டும், இது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். செயினின் பிட்ச், அதாவது அடுத்தடுத்த மூன்று ரிவெட்டின் தூரத்தில் பாதி, மெஷினின் பல்சக்கரத்தோடு ஒத்திருக்க வேண்டும். 0.325, 3/8, 0.404 இன்ச் என்று வரும். 58 சிசி என்று விற்கும் மெஷின்களில் பெரும்பாலும் 0.325. மூன்றாவது கேஜ், செயினின் அடிநாக்கு எவ்வளவு தடிமன் என்பது. 1.3, 1.5, 1.6 மில்லிமீட்டர். இது பாரின் பள்ளத்தோடு சேர வேண்டும். நாலாவது டிரைவ் லிங்க், அதாவது அந்த அடிநாக்குகளின் எண்ணிக்கை. உதாரணமாக 3/8 பிட்ச்சில் 20 இன்ச் பாருக்குப் பெரும்பாலும் 72 வரும். இவையெல்லாம் பழைய பாரின் மேலேயே அடித்திருக்கும். அழுக்கைத் துடைத்து ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். பழைய பாரையே தூக்கிக்கொண்டு போனால் இன்னும் நல்லது. பல்சக்கரம் தேய்ந்து பள்ளம் விழுந்திருந்தால் அதையும் மாற்றிவிடுங்கள். தேய்ந்த சக்கரம் புதுச் செயினைச் சீக்கிரமே கெடுத்துவிடும்.

செயினில் பல் வகையும் இருக்கிறது. மூலை கூராக, சதுரமாக இருக்கும் பல் சுத்தமான மரத்தில் வேகமாகப் போகும். மூலை கொஞ்சம் உருண்ட பல் சற்று மெதுவாகத்தான் போகும், ஆனால் மண்ணும் தூசியும் பட்டாலும் கூர் அத்தனை சீக்கிரம் போகாது. காங்கேயம் செம்மண்ணில் விழுந்து கிடக்கும் மரத்துக்கு உருண்ட மூலைப் பல்தான் வாங்க வேண்டும். ரோட்டோரப் புளியானால் பட்டையின் வெடிப்பெல்லாம் வருஷக்கணக்கான புழுதி. அறுக்கும் இடத்தில் ஒரு சாண் அகலத்துக்குக் கொடுவாளால் பட்டையைச் செதுக்கித் தள்ளிவிட்டு அறுங்கள். இந்த ஐந்து நிமிஷ வேலை அரை மணி நேர அரம் பிடிக்கும் வேலையை மிச்சமாக்கும்.

அந்த வேம்புகள் வேலியோரம் நின்றவையா? அப்படியானால் ஆணியும் முள்கம்பியும் உள்ளே இருக்கும் என்றே நினைத்துக்கொள்ளுங்கள். வேலிக்குக் கால் நட மனமில்லாமல் வேம்பிலேயே கம்பியை அடித்துவிட்டுப் போயிருப்பார்கள், மரம் அதை விழுங்கிக்கொண்டு வளர்ந்திருக்கும். மரத்தில் கருநீலக் கறை தெரிந்தால் பக்கத்தில் இரும்பு இருக்கிறது. அங்கிருந்து ஓரடி தள்ளி அறுங்கள்.

பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கம் வேர்வாடல் வந்த தென்னைகளை அறுப்பவர்களும் இதே பார் கேள்வியைக் கேட்கிறார்கள். தென்னை பெரும்பாலும் ஒரு அடிக் குறுக்களவுதான், அடிப்புடைப்பை விட்டால் 16 இன்ச்சே போதும். அதற்குத் தேவை நீளம் இல்லை, கூர். வெளிச்சுற்று வைரமாக இருக்கும், உள்ளே சோறு. அதில் மணல் போன்ற சிலிக்கா இருப்பதால் செயின் சீக்கிரம் மழுங்கும். ஈர நார் பல்சக்கரத்தில் சுற்றிக்கொள்ளும். நாலைந்து மரத்துக்கு ஒருமுறை மூடியைக் கழற்றித் துடைக்க வேண்டும். பனையை அறுக்கும் யோசனை இருந்தால் முதலில் கலெக்டர் அனுமதி வாங்க வேண்டும், 2021-ஆம் ஆண்டு வேளாண் பட்ஜெட்டிலேயே அதை அறிவித்துவிட்டார்கள்.

கூர் என்றதும் சொல்லிவிடுகிறேன். பெரிய கட்டையில் எஞ்சின் சக்தி எவ்வளவு முக்கியமோ, அரமும் அவ்வளவு முக்கியம். மழுங்கிய செயினோடு ஓடும் 90 சிசி மெஷினைக் கூரான செயினோடு 60 சிசி மெஷின் முந்திவிடும். 0.325 பிட்ச்சுக்கு 4.8 மில்லிமீட்டர் உருண்டை அரம். ஒவ்வொரு பல்லுக்கும் ஒரே எண்ணிக்கையில், 30 டிகிரிச் சாய்வில், உள்ளிருந்து வெளியே தள்ள வேண்டும். ஒரு பக்கப் பல் குட்டையாகிவிட்டால் அறுப்பு வில்லாக வளையும். 34 இன்ச் கட்டையில் இரண்டு பக்கமிருந்து வரும் அறுப்புகள் அப்புறம் நடுவில் சந்திக்கவே சந்திக்காது. பல்லுக்கு முன்னால் ஒரு குட்டை மேடு இருக்கும். அது பல்லின் நுனியைவிட 0.65 மில்லிமீட்டர் தாழ்ந்திருக்க வேண்டும். வேகமாகப் போகட்டும் என்று அதை அதிகம் தேய்த்துவிடுபவர்கள் இருக்கிறார்கள். அப்படித் தேய்த்தால் மெஷின் எகிறும். மாவு மாதிரித் தூள் விழுந்தால் செயின் மழுங்கிவிட்டது என்று அர்த்தம். சீவல் சீவலாக விழ வேண்டும். புளியில் ஒரு டேங்க் பெட்ரோல் முடியும்போதெல்லாம் ஒரு முறை அரம் பிடியுங்கள்.

பார் எண்ணெய்க்குப் பதிலாக வண்டியில் வடித்த கழிவு எண்ணெயை ஊற்றுகிறார்கள். வேண்டாம். அதில் இரும்புப் பொடி இருக்கிறது, பம்பையும் பாரையும் தின்றுவிடும், மேலே தெறிப்பதும் உடம்புக்கு நல்லதல்ல. பெட்ரோல் கலவையில் நல்ல 2டி ஆயில் என்றால் லிட்டருக்கு 20 மில்லி, மெஷின் புத்தகம் 25-க்கு 1 என்று சொன்னால் 40 மில்லி. புத்தகத்தில் உள்ளபடி செய்யுங்கள்.

சரி, புளியை எப்படி இரண்டு பக்கமிருந்து அறுப்பது? கரிக்கட்டியால் மரத்தைச் சுற்றி ஒரு கோடு போடுங்கள். கண்பார்வையில் அறுத்தால் அந்தப் பக்கம் போகும்போது இரண்டு இன்ச் விலகிவிடும். அப்புறம் மரம் எப்படி உட்கார்ந்திருக்கிறது என்று குனிந்து பாருங்கள். இரண்டு முனையும் தாங்கி நடுவில் அந்தரமாக இருந்தால், மேல்பக்கம் இறுகும். மேலிருந்து மூன்றில் ஒரு பங்கு மட்டும் அறுத்துவிட்டு மிச்சத்தைக் கீழிருந்து மேலே அறுக்க வேண்டும். ஒரு முனை அந்தரத்தில் தொங்கினால் தலைகீழ், முதலில் கீழே கொஞ்சம், பிறகு மேலிருந்து. இதைப் பார்க்காமல் அறுத்தால் பார் கடித்துக்கொள்ளும். 34 இன்ச் புளிக்குள் மாட்டிய பாரைக் கையால் இழுத்து எடுக்க முடியாது.

தரையோடு படிந்து கிடந்தால், இந்தப் பக்கம் முடிந்தவரை இறக்குங்கள், அந்தப் பக்கம் போய்க் கோட்டைப் பிடித்து இறக்குங்கள், அறுப்பு ஆழமானதும் பிளாஸ்டிக் ஆப்பையோ மர ஆப்பையோ அடித்து வாயைத் திறந்து வையுங்கள். முக்கால்வாசியில் நிறுத்திவிட்டு மரத்தை உருட்டிப் போட்டு மிச்சத்தை மேலிருந்து முடிக்க வேண்டும். கடைசி இரண்டு இன்ச்சுக்காக செயினை மண்ணில் இறக்கினால் ஒரு நொடியில் கூர் போய்விடும். ஆனால் 34 இன்ச் புளியில் ஒன்றரை அடித் துண்டே கால் டன்னைத் தொடும். கடப்பாரையால் நாலு பேர் சேர்ந்தாலும் முழுமரம் அசையாது. எப்படியும் ஜேசிபி வரப்போகிறது என்றால் அறுப்பதற்கு முன்பே வரச்சொல்லி, கிளைக் கட்டைகளைக் குறுக்கே போட்டு அதன்மேல் தூக்கி வைக்கச் சொல்லுங்கள். அடியில் ஒரு அடி இடைவெளி கிடைத்தால் வேலை பாதியாகிவிடும்.

பாரின் நுனியில் மேல் கால்வட்டம் எதன்மேலாவது இடித்தால் மெஷின் எகிறி முகத்துக்கு வரும். இரண்டு பக்கமிருந்து அறுக்கும்போது நுனி மரத்துக்குள் இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. அதனால் கீழிருந்து மேலே அறுக்க வேண்டிய இடம் தவிர எப்போதும் பாரின் கீழ்விளிம்பால் அறுங்கள், நுனியை முதலில் குத்தாதீர்கள், செயின் பிரேக் பிடிக்கிறதா என்று ஒவ்வொரு நாளும் காலையில் பாருங்கள். ஐடிலில் செயின் ஓடவே கூடாது. கண்ணாடி, காதடைப்பு, ஷூ, கால்களுக்கு செயின்சா பேண்ட் எல்லாம் வேண்டும். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வெறுங்காலோடு அறுப்பவர்களைப் பார்க்கும்போது எனக்குக் கோபமே வருகிறது.

பலகை எடுக்க நினைத்தால் செயின்சாவை மறந்துவிடுங்கள். நீளவாட்டில் அறுக்க 10 டிகிரிக்குத் தீட்டிய தனிச் செயினும் குறைந்தது 70 சிசியும் வேண்டும், ஒவ்வொரு அறுப்பிலும் கால் இன்ச்சுக்கு மேல் மரம் தூளாகப் போகும். மரஅறுவை மில்லின் பட்டை ரம்பத்தில் அவ்வளவு வீணாகாது. புளியை மில் கேட்கும் நீளத்துக்குத் துண்டு போட்டு ஏற்றிவிடுங்கள். ஈரமாக இருக்கும்போதே அறுத்துவிடுங்கள், காய்ந்த புளி இரும்பாகிவிடும்.

வேலையைக் கிளைகளில் 18 இன்ச் பாரோடு தொடங்குங்கள். பிறகு வேம்பு இரண்டும், பிறகு புளியின் மேல்மரம். கடைசியில்தான் தூர்ப்பக்கம், அப்போது 22 இன்ச் பார், புதிதாக அரம் பிடித்த செயின். தூரோடு சாய்ந்த மரத்தில் அடிமரத்தை அறுத்துப் பிரித்த கணமே வேர்த்தூர் படாரென்று பழைய குழிக்குள் நிமிர்ந்து உட்கார்ந்துவிடும். அந்தக் குழிக்குள் ஆளோ ஆடோ குழந்தையோ இருக்கக் கூடாது. தூரிலிருந்து நாலடி விட்டு அறுங்கள், அறுக்கும்போது ஜேசிபி கையைத் தூரின் பின்பக்கம் முட்டுக் கொடுத்து நிறுத்தச் சொல்லுங்கள், மரம் பிரிந்ததும் நீங்கள் மெஷினை அணைத்துவிட்டு விலகிய பிறகு அவர் மெதுவாகத் தூரைக் குழிக்குள் இறக்கட்டும்.